தொடர்ச்சியாக

மொந்தேவிதேயோ பேரவையின் நட்டநடுவில்
பேசுகிறவர்களின் முழங்கால் உயரத்தில் எங்கள் மேசை.
ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் மாறி
சுருக்கெழுத்தில் எடுப்போம்.
யாருடைய வாக்கியத்தில் எந்தத் துண்டு
என் பென்சிலுக்கு வரும் என்பது
சுவர்க் கடிகாரத்தின் இஷ்டம்.

இப்படித்தான் எல்விரா ஒலசாபலைப்
பதினொரு ஆண்டுகள் துண்டு துண்டாகக் கேட்டேன்.
பால் விலை விவாதத்தில் அவருடைய நடுப்பகுதி.
கம்பளி ஏற்றுமதி வரியில்
"ஆகவே"யிலிருந்து முடிவு வரை.
குழந்தைகள் காப்பக மசோதாவில்
ஒரு "தலைவர் அவர்களே", ஒரு இருமல்,
அதோடு என் முறை முடிந்தது.

நல்ல பேச்சாளர் என்று சொல்லமாட்டேன்.
தக்குவாரெம்போ பக்கம் ஒரு இறைச்சி ஆலையில்
கணக்கு எழுதியவர்.
ஒரு கிலோ மாவு, ஒரு பேருந்துச் சீட்டு, அறை வாடகை,
கூட்டி, கீழே கோடு இழுத்தமாதிரி நிறுத்துவார்.
எதிர்வரிசையில் செய்தித்தாள் விரியும்.
சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போடலாம்.
குறுக்கீடு என்று போடலாம்.
கேட்கவில்லை என்பதற்கு எங்களிடம் குறியீடு கிடையாது.

வீட்டு வேலை செய்வோரின் ஓய்வூதிய மசோதா
ஒரு ஜூலையில் வந்தது. ஆற்றுக் காற்று
ஜன்னல் சட்டங்களை உலுக்கிக்கொண்டிருந்தது.
நான்காம் பிரிவு:
"பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பணிபுரிந்தவர்."

ஒரே ஒரு சொல்லுக்காக எழுந்தார்.
"தொடர்ச்சியாக என்பதை எடுத்துவிடுங்கள்.
டிசம்பரில் வீட்டுக்காரர்கள்
புந்தா தெல் எஸ்தேவுக்குப் போகிறார்கள்.
கதவைப் பூட்டுகிறார்கள்.
மார்ச்சில் வா என்கிறார்கள்.
அந்தப் பூட்டில் அறுந்துபோகிறது, தலைவர் அவர்களே,
இந்தச் சட்டம் கேட்கிற தொடர்ச்சி.
இப்படி அறுந்தவர்கள் நாற்பத்து மூவாயிரம் பேர்."

நிதிக்குழுவின் பர்ரேய்ரோ உட்கார்ந்தபடியே சொன்னார்:
"முப்பத்து நான்கு. எண்ணைத் திருப்பிப் படித்துவிட்டீர்கள்."
அவை முழுக்கச் சிரித்தது.
அது என் ஐந்து நிமிடம்.

திருத்தம் தோற்றது. நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு.

இரவில் படியெடுக்கும் அறைக்கு உறுப்பினர்கள் வருவார்கள்.
திக்கியவர்கள் சரளமாகத் திரும்பிப் போவார்கள்.
"திருடன்" என்று கத்தியது
"மதிப்புக்குரிய நண்பர்" ஆகும்.
ஒலசாபல் அன்றுதான் முதல்முறை வந்தார்,
அக்குளில் பிளாஸ்க், கையில் மாத்தேக் குடுவை.
என் தாளைப் படித்தார்.
இரக்கப்பட்டு நானே
முப்பத்து நான்கு என்று மாற்றி வைத்திருந்தேன்.

பென்சிலை வாங்கி அதை அடித்தார்.
"நான் சரியாகச் சொல்லியிருந்தால்
அவர்கள் ஏன் சிரித்தார்கள்?
படிக்கிறவனுக்குக் குழம்பாதா?"

பிறகு, கதவருகே நின்று,
"வடக்கு ரயில் தடத்தை மூடக் கை தூக்கினேனே,
அதுவும் பத்திரமாக இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.
எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று கேட்டு
பேருந்துச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார்.
அவர் ஊருக்குப் போன ரயில் அது.

அடுத்த ஆண்டு, பின்னிரவு இரண்டு மணிக்கு,
பாதி இருக்கைகள் காலி,
இருபத்தேழு சிறு திருத்தங்களை ஒரே மூச்சில் வாசித்தார்கள்.
பத்தொன்பதாவது அந்தச் சொல்.
முன்மொழிந்தவர் பர்ரேய்ரோ.
விவாதமின்றி ஏற்கப்பட்டது.
ஒலசாபல் தன் இருக்கையில்
குளிர்ந்துபோன மாத்தேயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
பார்ப்பது என் வேலை இல்லை.

அதற்கடுத்த தேர்தலில் அவர் தோற்றார்.
பெயரடைவில் அவர் பெயருக்கு நேராக
பால், கம்பளி, காப்பகம், ரயில், நாற்பத்து மூவாயிரம்
இருக்கிற பக்கங்கள் எல்லாம் உண்டு.
ஓய்வூதியச் சட்டத்தைத் தேடினால் பர்ரேய்ரோவிடம் போகும்.

அச்சான சட்டத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.
"பத்து ஆண்டுகள் பணிபுரிந்தவர்."
ஆண்டுகளுக்கும் பணிக்கும் நடுவே
எல்லாச் சொற்களுக்கும் விடுகிற
அதே அளவு இடைவெளிதான்.